எந்தப் பக்கம் சாயும் கோடு: விண்டோஸ் பயனருக்கான ஆவணங்களில் கோப்புப் பாதைகள்

ஜாவா நிரல்களைக் கட்டமைக்க உதவும் கிரேடில் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களின் ஆவணங்களைத் திறந்தால், முதல் கட்டளை பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும்: ஒரு புள்ளி, ஒரு ஸ்லாஷ், பிறகு ‘கிரேடில்டபிள்யூ’ என்ற ஸ்கிரிப்டின் பெயர். லினக்ஸிலும் மேக்கிலும் அது அப்படியே ஓடும். அதே வரியை விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒட்டினால், புள்ளி என்ற பெயரில் உள்கட்டளையோ வெளிக்கட்டளையோ இயக்கத்தக்க நிரலோ இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஸ்லாஷைப் பற்றிய பேச்சே கிடையாது. புதிதாக வருபவர் கருவி சரியாக நிறுவப்படவில்லையோ, ஜாவா இல்லையோ என்று தேடத் தொடங்குவார். குறை ஒரே ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. ஸ்லாஷ் (/) இருந்த இடத்தில் பேக்ஸ்லாஷ் (\) இருந்திருந்தால் கட்டளை ஓடியிருக்கும். பைத்தான், நோட், கிட் என்று எந்தக் கருவியின் ஆவணத்தை எடுத்தாலும் இதே வகைத் தடுமாற்றத்துக்கு இடமுண்டு. காரணமும் தெரிந்ததுதான்: லினக்ஸிலோ மேக்கிலோ வேலை செய்பவர் தன் திரையில் ஓடிய கட்டளையை அப்படியே ஆவணத்தில் எழுதிவிடுகிறார்.

இதைத் திருத்துவது குறித்து இரண்டு கருத்துகள் பரவலாக உள்ளன. விண்டோஸ் என்றாலே பேக்ஸ்லாஷ்தான், ஆகவே விண்டோஸ் பயனருக்கான பக்கங்களில் எல்லாக் கோடுகளையும் மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. விண்டோஸ் இரண்டையும் ஏற்கும், ஆகவே எதையும் தொட வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு; இரண்டையும் அப்படியே பின்பற்றினால் வாசகர் மாட்டிக்கொள்வார். ஒரு பாதையில் எந்தக் கோடு வர வேண்டும் என்பதைக் கணினியில் உள்ள இயங்குதளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த எழுத்துத் தொடரை முதலில் வாசிக்கப்போவது மனிதரா, ஷெல்லா, நிரல்மொழியா, அமைப்புக் கோப்பா என்பதே தீர்மானிக்கிறது. ஆவணத்தைத் திருத்துபவர் ஒவ்வொரு பாதையிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு கோடுகள் வந்த வழி

மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் ஒரு கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை என்ற படிநிலை அமைப்பை 1960களிலேயே கொண்டிருந்தது. அது பாதையின் பகுதிகளைப் பிரிக்க ‘>’ என்ற குறியைப் பயன்படுத்தியது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அந்த வேலையை ஸ்லாஷிடம் கொடுத்தது. அதே காலத்தில் டிஇசி நிறுவனத்தின் கணினிகளில் ஸ்லாஷுக்கு வேறு வேலை இருந்தது. கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்விட்ச்களுக்கு முன்னால் அது வந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியுடன் வெளிவந்த டாஸின் முதல் பதிப்பு இந்த இரண்டாவது மரபையே எடுத்துக்கொண்டது. அப்போதைய ஃப்ளாப்பியின் கொள்ளளவு 160 கிலோபைட்தான்; கோப்புறைகளுக்குள் கோப்புறைகள் வேண்டிய தேவையும் எழவில்லை, டாஸில் அவை இருக்கவுமில்லை. ஆகவே ஸ்லாஷ் ஸ்விட்ச்சுக்கு மட்டும் உரியதாக இருந்ததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி வந்தபோது நிலைமை மாறியது. அத்தனை இடத்தில் கோப்புகளை ஒரே பட்டியலாக வைத்திருக்க முடியாது. டாஸ் 2.0 யூனிக்ஸைப் போலப் படிநிலைக் கோப்புறைகளைக் கொண்டுவந்தது; ஆனால் யூனிக்ஸின் பிரிப்புக் குறியைக் கொண்டுவர இயலவில்லை. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் லாரி ஆஸ்டர்மன் 2005இல் எழுதிய விளக்கத்தின்படி, முதல் பதிப்போடு வந்த ஐபிஎம்மின் கருவிகள் ஸ்லாஷை ஸ்விட்ச்சுக்குப் பயன்படுத்திவிட்டதால் அதை மாற்றினால் பழைய நிரல்களும் பயனர்களின் பழக்கமும் முறியும். அதனால் கண்ணுக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த பேக்ஸ்லாஷ் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்விட்ச்சுக்கான குறியைப் பயனரே மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பும் டாஸ் 2.0இல் இருந்தது, பின்னர் வந்த பதிப்புகளில் அது கைவிடப்பட்டது. இன்று விண்டோஸ் 11இல் நாம் பார்க்கும் பேக்ஸ்லாஷ், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பழைய பயனர்களைக் காப்பாற்ற எடுத்த முடிவின் எச்சம்.

அந்த முடிவில் ஒரு மோதல் பொதிந்திருந்தது. பேக்ஸ்லாஷ் 1963ஆம் ஆண்டின் ஆஸ்கி தரத்திலேயே இடம்பெற்ற குறி. அதை அங்கே சேர்த்த பெருமை பாப் பெமருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழி அதற்கு ஒரு தனிப்பணி கொடுத்தது: தன்னை அடுத்து வரும் எழுத்தின் பொருளை மாற்றுவது. பேக்ஸ்லாஷுக்குப் பின் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘என்’ வந்தால் புதிய வரி, ‘டி’ வந்தால் டேப். சி மொழியின் வழிவந்த ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் ஆகியவையும், அதன் வழக்கத்தைப் பின்பற்றிய பைத்தான், ஆர் போன்றவையும், ஜேசன் என்ற தரவு வடிவமும் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டன. ஆக, நிரலாளர்களின் உலகம் ‘அடுத்த எழுத்தைக் கவனி’ என்று பொருள்கொண்ட ஒரு குறியை, டாஸ் ‘அடுத்த கோப்புறைக்குப் போ’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டது. ஆவணங்களில் இன்று நாம் திருத்தப் போராடும் பிழைகளில் பல இந்த மோதலிலிருந்து வருகின்றன. வேறு பல, ஸ்லாஷுக்கு டாஸில் இருந்த பழைய வேலையிலிருந்து வருகின்றன.

‘விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்’ என்பது எவ்வளவு உண்மை

இந்தக் கூற்று அடித்தளத்தில் உண்மை. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்படி விண்டோஸைக் கேட்கும்போது, பாதையில் உள்ள ஸ்லாஷை இயங்குதளமே பேக்ஸ்லாஷாக மாற்றிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணங்கள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. அதனால்தான் பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதிய நிரலில் ‘சி:/டேட்டா/பட்டியல்’ என்று எழுதினால் கோப்பு தடையின்றித் திறக்கிறது. ஆனால் அதே ஆவணங்கள் விதிவிலக்கையும் சொல்கின்றன. இரண்டு பேக்ஸ்லாஷ், கேள்விக்குறி, மீண்டும் ஒரு பேக்ஸ்லாஷ் என்ற முன்னொட்டோடு தொடங்கும் பாதைகளில் இந்த மாற்றம் நடப்பதில்லை. 260 எழுத்துகள் என்ற பழைய நீள வரம்பைத் தாண்ட வேண்டிய நிரல்கள் இந்த முன்னொட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ரெஜிஸ்ட்ரியிலும் ஸ்லாஷ் பிரிப்புக் குறி ஆகாது. அங்கே ஸ்லாஷ் ஒரு சாவிப்பெயரின் உள்ளேயே வரத்தக்க சாதாரண எழுத்து. பேக்ஸ்லாஷ் மட்டுமே பிரிக்கும்.

அடித்தளத்தை எட்டும் முன்பே கட்டளையை வாசிக்கும் ஷெல் ஒன்று இருக்கிறது என்பதை இந்தக் கூற்றைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் 1981இன் மரபை இன்றும் காக்கிறது. கோப்புப் பட்டியலைக் காட்டும் ‘டிர்’ கட்டளைக்குப் பின் ‘சி:/விண்டோஸ்’ என்று கொடுத்தால், ஸ்லாஷுக்குப் பிந்தையதை அது ஸ்விட்ச்சாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ‘டைப்’ கட்டளையில் ஸ்லாஷ் உள்ள பாதையைக் கொடுத்தால் கட்டளையின் அமைப்பே தவறு என்கிறது. கோப்புறை மாற்றும் ‘சிடி’ கட்டளையோ ஸ்லாஷைப் பொறுத்துக்கொள்கிறது. பாதையை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. சில கட்டளை ஏற்கும், சில ஏற்காது, மேற்கோள் இருந்தால் வேறு விதம் என்ற இந்த ஒழுங்கின்மைதான் வாசகருக்குப் பெரிய தொல்லை. எப்போதுமே தோற்கும் கட்டளையை யாரேனும் விரைவில் கண்டுபிடித்துத் திருத்துவார்கள். சில நேரம் மட்டும் தோற்பது ஆண்டுக்கணக்கில் ஆவணத்தில் தங்கிவிடும்.

2006இல் வெளிவந்த பவர்ஷெல் இந்த மரபிலிருந்து விலகியது. அது இரண்டு கோடுகளையும் பாதையாக ஏற்கிறது. பேக்ஸ்லாஷைப் பாதைக்கே விட்டுவிட்டு, அடுத்த எழுத்தின் பொருளை மாற்றும் பணியைப் பேக்டிக் குறிக்குக் கொடுத்தது. கிட் பாஷ் என்ற ஷெல்லில் நிலைமை நேர் எதிர். மேற்கோள் இல்லாமல் ‘சி:\யூசர்ஸ்\டேட்டா’ என்று எழுதினால் பாஷ் பேக்ஸ்லாஷ்களை விழுங்கிவிட்டு ‘சி:யூசர்ஸ்டேட்டா’ என்ற ஒரே சொல்லைக் கட்டளைக்கு அனுப்பும். 2016இல் வந்த விண்டோஸின் லினக்ஸ் துணை அமைப்பிலோ சி டிரைவே பெயர் மாறி, ‘எம்என்டி’ என்ற கோப்புறையின் கீழ் ‘சி’ என்ற கோப்புறையாகத் தெரிகிறது. ஒரே மடிக்கணினியில், அடுத்தடுத்த நான்கு சாளரங்களில், நான்கு விதிகள் நடக்கின்றன. ‘விண்டோஸில் இப்படி எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லும் ஆவணம் இதில் எதைக் குறிக்கிறது என்பதை வாசகரால் அறிய முடியாது.

பேக்ஸ்லாஷாக மாற்றிவிடுவதன் கேடு

எல்லாவற்றையும் பேக்ஸ்லாஷாக்கும் திருத்தம் இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது பல நேரங்களில் பிழைச்செய்தி தராமலேயே கெடுக்கும். ஜேசன் அமைப்புக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பேக்ஸ்லாஷுக்குப் பின் வரத்தக்க சிறிய எழுத்துகளில் பி, எஃப், என், ஆர், டி என்ற ஐந்துக்குத் தனிப்பொருள் உண்டு. நிரலாளர்கள் அன்றாடம் வைக்கும் கோப்புறைப் பெயர்களைப் பாருங்கள்: பின், ஃபைல்ஸ், நியூ, ரிப்போர்ட்ஸ், டெம்ப். ஐந்தும் ஆங்கிலத்தில் அந்த ஐந்து எழுத்துகளிலேயே தொடங்குகின்றன. ‘சி:\டெம்ப்’ என்று ஒற்றைப் பேக்ஸ்லாஷோடு எழுதினால் கோப்பு இலக்கணப்படி சரியானதாகவே வாசிக்கப்படும்; பாதையின் நடுவே ஒரு டேப் மட்டும் புகுந்திருக்கும். நிரல் கோப்பு இல்லை என்று சொல்லும். பயனர் கோப்புறையைத் திறந்து பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கும். பைத்தான் 3இல் ‘சி:\யூசர்ஸ்’ என்பதைச் சாதாரணச் சரமாக எழுதினால், பெரிய எழுத்து ‘யு’ ஒரு யூனிகோடு எண்ணின் தொடக்கம் என்று கருதப்பட்டு நிரல் தொடங்கும் முன்பே நின்றுவிடும். ஆர் மொழியிலும் அதே இடத்தில் அதே வகைப் பிழை வரும். யூசர்ஸ் என்பது விண்டோஸில் ஒவ்வொரு பயனரின் கோப்புகளும் இருக்கும் இடம் என்பதால், இது தொடக்கநிலை மாணவர் எழுதும் முதல் நிரலிலேயே எதிர்ப்படும்.

கருவிகளை உருவாக்கியவர்கள் இதை அறிந்தே தங்கள் விதிகளை வகுத்திருக்கிறார்கள். கிட் புறக்கணிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில் பிரிப்புக் குறி எந்த இயங்குதளத்திலும் ஸ்லாஷ்தான். பேக்ஸ்லாஷுக்கு அங்கே வேறு பொருள். நோட் உலகில் பரவலாகப் பயன்படும் ‘குளோப்’ நிரலகத்தின் ஆவணம், விண்டோஸிலும் ஸ்லாஷை மட்டுமே பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறது. சிமேக் தன் பாதைகளை ஸ்லாஷோடு வைத்துக்கொள்கிறது. லேட்டெக்கில் பேக்ஸ்லாஷ் கட்டளைகளின் தொடக்கக் குறி என்பதால், விண்டோஸில் எழுதினாலும் படத்தின் பாதையில் ஸ்லாஷையே போட வேண்டும். டாக்கர்ஃபைலில் வரியின் கடைசியில் பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சியாகக் கருதப்படும். பேக்ஸ்லாஷில் முடியும் விண்டோஸ் பாதை இரண்டு கட்டளைகளை ஒன்றாக ஒட்டிவிடும். இதற்காகவே அந்தக் குறியைப் பேக்டிக்காக மாற்றிக்கொள்ள டாக்கர் ஒரு வழி வைத்திருக்கிறது. ஜிப் கோப்பின் தர விவரணம் உள்ளே ஸ்லாஷ் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் ஒரு காலத்தில் பேக்ஸ்லாஷோடு ஜிப் கோப்புகளை உருவாக்கிவந்தது. லினக்ஸில் பேக்ஸ்லாஷ் கோப்புப் பெயரின் ஒரு சாதாரண எழுத்து என்பதால், அந்த ஜிப்களை அங்கே விரிக்கும்போது கோப்புறைகள் உருவாகாமல் போகும் நிலை வந்தது. 4.6.1 பதிப்பில் அது ஸ்லாஷாகத் திருத்தப்பட்டது. விண்டோஸை உருவாக்கிய நிறுவனமே தன் நிரலகத்தில் பேக்ஸ்லாஷை ஸ்லாஷாக மாற்ற வேண்டியிருந்தது என்பது, ‘விண்டோஸ் என்றால் பேக்ஸ்லாஷ்’ என்ற விதிக்கு எதிரான வலுவான சான்று.

தேடி-மாற்றும் கருவியால் ஒரே அடியில் திருத்தும்போது சேதம் இன்னும் விரிவாகும். இணைய முகவரிகள், கிட் கிளைகளின் பெயர்கள், என்பிஎம் தொகுப்புகளின் பெயர்கள், டாக்கர் படிமங்களின் பெயர்கள், இறக்குமதி வரிகள், ஸ்விட்ச்கள், தேதிகள் என்று ஸ்லாஷ் வரும் இடங்களில் பெரும்பகுதி கோப்புப் பாதையே அல்ல. அவற்றையும் புரட்டிப்போட்ட ஆவணம் திருத்தப்படாத ஆவணத்தைவிட மோசமானது. போதாக்குறைக்கு, ஆவணத்தை உருவாக்கும் கருவியும் பேக்ஸ்லாஷை விழுங்கும். மார்க்டவுனில் நிறுத்தக்குறிகளுக்கு முன்னால் வரும் பேக்ஸ்லாஷ் வெளியீட்டில் காணாமல் போகும். பிணையச் சேவையகத்தைக் குறிக்கும் இரட்டைப் பேக்ஸ்லாஷ் ஒற்றையாகிவிடும். புள்ளியில் தொடங்கும் கோப்புறைப் பெயருக்கு முன் இருந்த பேக்ஸ்லாஷ் மறைந்துவிடும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவத்தில் இன்னும் கடுமை: சாதாரண உரையில் ‘சி:\டெம்ப்’ என்று எழுதினால் பக்கத்தில் ‘சி:டெம்ப்’ என்றே தெரியும். எழுதியவர் சரியாக எழுதியிருந்தும் வாசகர் தவறாகப் பெறுவார். பாதைகளை நிரல் வரிக்கான குறிகளுக்குள் வைப்பது அழகுக்கான வழக்கம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

கோட்டைத் திருத்தினால் போதுமா

சரியான இடத்தில் சரியான கோட்டைப் போட்ட பிறகும் கட்டளை ஓடாமல் போகலாம். பைத்தானின் மெய்நிகர் சூழலை இயக்கும் கட்டளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸில் அது ‘பின்’ கோப்புறையில் உள்ள ‘ஆக்டிவேட்’ கோப்பை ‘சோர்ஸ்’ கட்டளையால் வாசிக்கச் சொல்கிறது. விண்டோஸில் கோப்புறையின் பெயரே ‘ஸ்கிரிப்ட்ஸ்’. கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு ஒரு கோப்பு, பவர்ஷெல்லுக்கு இன்னொரு கோப்பு; ‘சோர்ஸ்’ என்ற கட்டளை கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கிடையாது. கோட்டை மட்டும் மாற்றியவர் தவறான கோப்புறையைச் சரியான கோட்டோடு காட்டியிருப்பார். பைத்தானின் ஆவணம் இந்த இடத்தில் ஷெல்வாரியாக ஓர் அட்டவணையே தருகிறது. அதுதான் நேர்மையான திருத்தம். அதைப் போலவே, வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறி கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் புரியாது. அங்கே ‘யூசர்ப்ரொஃபைல்’ என்ற சூழல் மாறி வேண்டும், அதுவும் பவர்ஷெல்லில் வேறு வடிவில் எழுதப்படும். நீண்ட கட்டளையை அடுத்த வரிக்கு நீட்ட லினக்ஸ் ஆவணங்கள் வரிமுடிவில் பேக்ஸ்லாஷ் போடுகின்றன. கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு அங்கே மேற்கூரைக் குறியும் பவர்ஷெல்லுக்குப் பேக்டிக்கும் தேவை. பல பாதைகளை வரிசையாகத் தரும் இடத்தில் லினக்ஸின் முக்காற்புள்ளி விண்டோஸில் அரைப்புள்ளியாக வேண்டும், ஏனென்றால் டிரைவ் எழுத்தோடு முக்காற்புள்ளி ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ஆகவே ஸ்லாஷ் பிழை என்பது, அந்த வரி விண்டோஸில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கப்படவில்லை என்பதன் அடையாளம். அடையாளத்தை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்காமல் விட்டால் குறை ஒளிந்துகொள்ளுமே தவிரத் தீராது.

யார் வாசிக்கிறார் என்ற அளவுகோல்

இவ்வளவு சான்றுகளும் ஒரே இடத்துக்கு இட்டுச் செல்கின்றன. பாதையை வாசிப்பவர் மனிதர் என்றால், அதாவது ‘இந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்’ என்று உரையில் சொல்லும்போது, விண்டோஸ் பயனருக்குப் பேக்ஸ்லாஷோடு எழுத வேண்டும். கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டியில் அவர் பார்ப்பது அதைத்தான். வாசிப்பது விண்டோஸின் ஷெல் என்றால், கமாண்ட் ப்ராம்ப்ட்டிலும் பவர்ஷெல்லிலும் ஒருசேர ஓடும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேடில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதினால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓடும், பவர்ஷெல் மறுக்கும். புள்ளியும் ஸ்லாஷும் சேர்த்தால் பவர்ஷெல்லில் ஓடும், கமாண்ட் ப்ராம்ப்ட் மறுக்கும். புள்ளியும் பேக்ஸ்லாஷும் சேர்த்தால் இரண்டிலும் ஓடும். அந்த மூன்றாவது வடிவமே ஆவணத்துக்கு உரியது. வாசிப்பது நிரல்மொழியோ அமைப்புக் கோப்போ என்றால், கருவி அனுமதிக்கும் இடங்களிலெல்லாம் ஸ்லாஷை அப்படியே விட வேண்டும். அனுமதிக்காத அரிய இடங்களில் பேக்ஸ்லாஷை இரட்டித்தோ, பைத்தானின் ரா சரம், யாமலின் ஒற்றை மேற்கோள் போன்ற வசதிகளாலோ எழுத வேண்டும். பாதைகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் எடுத்துக்காட்டு நிரல்களில் கோட்டையே எழுதாமல், பைத்தான் 3.4இலிருந்து கிடைக்கும் பாத்லிப் போன்ற நிரலகங்களிடம் அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும். எழுதுவது இணைய முகவரி என்றால் ஸ்லாஷ் மட்டுமே. விண்டோஸ் கோப்பைக் குறிக்கும் ‘ஃபைல்’ முகவரியிலும் அப்படித்தான்.

எதிர்வாதங்கள்

இன்று யாரும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைப் பயன்படுத்துவதில்லை, பவர்ஷெல்லில் ஸ்லாஷ் ஓடுகிறது, பிறகு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். விண்டோஸ் டெர்மினல் திறந்ததும் பவர்ஷெல்லே வருகிறது என்பது உண்மை. ஆனால் பயனர் எந்தச் சாளரத்தில் இருந்தாலும், என்பிஎம் தன் ஸ்கிரிப்டுகளை விண்டோஸில் இயல்பாகக் கமாண்ட் ப்ராம்ப்ட்டின் வழியாகவே ஓட்டுகிறது. புள்ளி-ஸ்லாஷோடு தொடங்கும் ஒரு ஸ்கிரிப்ட் வரி பவர்ஷெல் பயனரிடமும் அங்கே தோற்றுவிடும். பேட்ச் கோப்புகளும் அதே ஷெல்லில்தான் ஓடுகின்றன. லினக்ஸ் துணை அமைப்பையோ கிட் பாஷையோ நிறுவிக்கொள்ளுங்கள் என்று சொல்வது ஒரு கருவியின் முன்தேவையாக இருந்தால் ஏற்கலாம். அதை ஆவணத்தின் முதல் வரியிலேயே அறிவித்துவிட வேண்டும். ஒரு கோட்டைத் திருத்தும் உழைப்பைத் தவிர்ப்பதற்காக வாசகரை வேறொரு சூழலை நிறுவச் சொல்வது நியாயமல்ல. பள்ளி, அலுவலகக் கணினிகளில் பலருக்கு எதையும் நிறுவும் உரிமையே இருப்பதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு, மூன்று வடிவில் எழுதினால் ஆவணம் வீங்கும்; ஒன்றைப் புதுப்பித்து மற்றொன்றை மறந்தால் பழைய பிழையை இடம்மாற்றி வைத்ததாகும். தன்னார்வலர்கள் சிலரே பராமரிக்கும் திட்டங்களில் இது உண்மையான சுமை. மேலே சொன்ன அளவுகோல் அந்தச் சுமையைக் குறைக்கவே செய்கிறது. நிரலிலும் அமைப்புக் கோப்பிலும் ஸ்லாஷை ஒரே வடிவமாக வைப்பதால் அங்கே இரட்டை எழுத்து தேவையில்லை. கருவியை அதன் பெயரால் அழைக்கும் கட்டளைகள் எல்லா ஷெல்லிலும் ஒன்றே; அவற்றில் திருத்த எதுவுமில்லை. மிஞ்சுவது, பாதையைச் சொல்லித் தொடங்கும் கட்டளைகளும் சூழல் மாறிகள் வரும் வரிகளும்தான். அந்தச் சிலவற்றுக்கு மட்டும் இணைப் பத்திகள் போதும். அவற்றையும் தானாகச் சோதிக்கலாம்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகள் விண்டோஸ் கணினிகளில் கட்டளைகளை ஓட்டித் தருகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே இயல்பான ஷெல் பவர்ஷெல் என்பதால், ஷெல்லைக் குறிப்பிட்டுச் சோதிக்காவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் தோற்கும் வரிகள் வெற்றிபெற்றதாகவே காட்டப்படும்.

மூன்றாவது, இது அற்பமான பிழை, வாசகரே ஊகித்துக்கொள்வார் என்பது. அனுபவமுள்ளவர் ஊகிப்பார். ஆனால் நிறுவும் ஆவணத்தை வரிவரியாகப் பின்பற்றுபவர் பெரும்பாலும் அந்தக் கருவிக்கோ கணினித் துறைக்கோ புதியவர். பிழைச்செய்தி உண்மைக் காரணத்தைச் சொல்லாத இடத்தில், தனக்குத்தான் இது வரவில்லை என்று அவர் முடிவெடுப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆவணம் முதலாவதாக அவருக்காகத்தான் எழுதப்படுகிறது. தெரிந்தவர் ஊகித்துக்கொள்ளலாம் என்பதை அளவாக வைத்தால் ஆவணமே தேவையில்லாமல் போகும்.

தமிழில் எழுதும்போது

தமிழில் மென்பொருள் ஆவணம் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர்கள் தமிழாக்கும் கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் சரங்கள் கெட்டெக்ஸ்ட் வடிவக் கோப்புகளில் வருகின்றன. அவை சி மொழியின் வழக்கத்தையே பின்பற்றுவதால் பாதைகளில் பேக்ஸ்லாஷ் இரட்டையாக இருக்கும். அதை அச்சுப்பிழை என்று எண்ணி ஒற்றையாக்கினால், ஒன்று கோப்பு தொகுக்கப்படாது, அல்லது டேப் நுழைந்த பாதை பயனரின் திரைக்குப் போகும். அடுத்தது நம் மொழியின் இயல்பு சார்ந்தது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். பாதையின் கடைசியில் ‘இல்’, ‘ஐ’, ‘க்கு’ என்று ஒட்டி எழுதினால், நகலெடுக்கும் பயனர் உருபையும் சேர்த்து எடுத்துவிடுவார். பாதை எங்கே முடிகிறது என்பதே தெரியாது. ‘சி:\டெம்ப் என்ற கோப்புறையில்’ என்று பாதையைத் தனியே நிறுத்தி, உருபை அடுத்து வரும் சொல்லுக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. வாக்கியத்தின் முற்றுப்புள்ளி பாதையின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

எனவே ஆவணத்தைத் திருத்த முன்வருபவர் செய்ய வேண்டியது தெளிவானது. ஸ்லாஷைத் தேடி மாற்றும் வேலையைக் கருவியிடம் விடாமல், ஒவ்வொரு பாதையையும் நிறுத்தி, இதை யார் வாசிக்கப்போகிறார் என்று கேட்க வேண்டும். மனிதருக்கும் விண்டோஸ் ஷெல்லுக்கும் பேக்ஸ்லாஷ். நிரலுக்கும் அமைப்புக் கோப்புக்கும் முகவரிக்கும் ஸ்லாஷ். ஐயம் வரும் இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட், பவர்ஷெல் இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு. எந்தக் கட்டளை எந்த ஷெல்லுக்கு உரியது என்பதைப் பக்கத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். டாஸ் 2.0 எடுத்த முடிவை இனி மாற்ற முடியாது. மாற்றத் தேவையும் இல்லை. இரண்டு கோடுகளும் நெடுங்காலம் சேர்ந்தே இருக்கப்போகின்றன. அவற்றில் எது எங்கே வரும் என்ற சுமையை ஆவணம் எழுதுபவர் ஒருமுறை சுமந்துவிட்டால், அதைப் பின்பற்றும் ஒவ்வொருவரும் தனித்தனியே சுமக்க வேண்டியதில்லை. ஆவணம் என்ற ஒன்றை எழுதுவதன் நோக்கமும் அதுவே.